மஞ்சள் ஏணியை நகர்த்தியது யார்?

அத்தியாயம் 9

ஒரு வீட்டில் ஒரே ஒருவர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தாலே அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்டுத் துளைத்து எடுத்துவிடுவார்கள். இந்த வீட்டில் நான்கு பேர். ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் நிலையத்தைப் பற்றி மூச்சு வராது. 'கேட் வேலை கேட்டோட சரி' என்பது கல்யாணமான புதிதில் அத்தான் போட்ட சட்டம். நிலையத்தின் காவல் பொறுப்பு முழுவதும் அவருடையது. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. வீட்டிலும் அந்தப் பெயருக்குக் குறை வைக்காதவர்.

அவர் மனைவி, நம் அக்கா, விபத்துத் தடுப்புப் பிரிவின் தலைவி. யாருக்கும் அடிபடக்கூடாது, எதுவும் கசியக்கூடாது, எங்கும் தீப்பிடிக்கக்கூடாது. எதிரில் வருபவருக்கு வணக்கம் வைப்பதற்குப் பதிலாக 'பத்திரம்' என்று சொல்லிவிட்டுப் போவாள். அதுவே பெயராகிவிட்டது.

அக்காவின் தங்கை சின்னவள், 'கணக்கு'. நிலையத்துக்குள் இருக்கும் எரிபொருள் ஒவ்வொன்றும் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று கணக்குப் பார்த்து, சர்வதேச ஆய்வாளர்கள் வரும்போது அதைக் காட்டி நிரூபிப்பது அவள் வேலை. ஒரு துண்டுகூட ஆயுதம் செய்கிறவன் கைக்குப் போகவில்லை என்று உலகம் நம்ப வேண்டுமே, அதற்காக.

மீதி இருப்பது அப்பா. காலமெல்லாம் நிலையத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் புது ஆட்களுக்குக் கிரேன் பழக்க ஒப்பந்தத்தில் போய் வருகிறார். "ஒருத்தி பத்திரம், ஒருத்தர் பூட்டு, ஒருத்தி கணக்கு. இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் மனுஷன்" என்பது அவருடைய நிரந்தர ஜோக்.

சென்ற வார அத்தியாயத்தில் ஆய்வாளர் அம்மா வந்து இறங்கினார். குளக்கூடத்துக் கேமராப் பெட்டியின் முத்திரைக் கம்பியைத் தன் கையாலேயே அறுத்தார். படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சட்டென்று கையை உயர்த்தினார். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. அங்கிருந்து தொடர்வோம்.

*

"இது என்னது?" என்றார் ஆய்வாளர் அம்மா.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை ஆழமான தண்ணீருக்குள் இறக்கிக் குளிர வைத்திருக்கும் கூடம் அது. கேமரா உச்சியிலிருந்து அந்தக் குளத்தைச் சில நிமிஷங்களுக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்கும். பெட்டி ஆய்வாளர்களுடையது, நிலையத்தில் யாரும் அதைத் திறக்க முடியாது. அதனால் அதற்குள் என்ன பதிவாகியிருக்கிறது என்று இந்த நிமிஷம் வரை அவளுக்கும் தெரியாது.

படத்தில் குளம் இருந்தது. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்த படத்தில் பாதிக் குளத்தைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக, மங்கலாக, பட்டை பட்டையாக ஏதோ ஒன்று குறுக்கே நின்றது.

"போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் போயிருக்கிறது" என்றார் ஆய்வாளர் அம்மா. "நடுவில் பாதிக் குளத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"நான் அப்போ லீவுல இருந்தேன் மேடம். காய்ச்சல்."

"உடம்பு இப்போது பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"நல்லது. நாளைக் காலையில் கிளம்புகிறேன். அதற்குள் இது என்ன, யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று சொன்னால் எழுதிக்கொள்வேன். சொல்ல முடியாவிட்டால், 'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதுவேன். வேறு வழி இல்லை."

அந்த அம்மாவிடம் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை. பென்சிலைச் சீவுவது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். சின்னவளுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். 'உறுதி செய்ய இயலவில்லை' என்றால் குளத்தில் இருக்கும் கட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே சோதிக்க வேண்டும். அது முடியும்வரை உலைக்குள் புது எரிபொருள் ஏறாது. நிலையமே அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும்விட மோசம், இத்தனை வருஷமாக 'இவள் சொன்னால் சரியாக இருக்கும்' என்று வெளியாட்கள் வைத்திருந்த நம்பிக்கை போய்விடும். அவள் வேலைக்கு முதலே அதுதான்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னவளுக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி. பதில் தெரியாத கேள்வி எதிரில் நின்றால் பசி தெரியாது, தூக்கம் தெரியாது. மஞ்சள் பட்டை. அது என்னவாக இருக்கும்?

*

முதலில் பெயின்ட் அடிப்பவர்கள் ஞாபகம் வந்தது. தூசி தண்ணீரில் விழாமல் இருக்க அவர்கள் மஞ்சள் விரிப்பு கட்டுவார்கள். போய்க் கேட்டாள். இந்த மாதம் முழுக்க அவர்களுக்கு வேறு கட்டடத்தில்தான் வேலையாம். மின்சாரப் பிரிவில் கேட்டாள். அங்கே மஞ்சளாக இருந்தது ஒரு ஆளின் தொப்பி மட்டும்தான்.

பிறகு குளக்கூடத்துக்கே போனாள். தனியாகப் போக முடியாது; அங்கே இரண்டு பேராகத்தான் நுழைய வேண்டும் என்பது அத்தானின் சட்டம். ஷிஃப்ட் பொறியாளரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேமரா இருந்த மூலையில் ஒன்றும் இல்லை. ஆனால் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. ரப்பர் தேய்ந்த கோடு. மூலையில் தொடங்கிச் சுவரோரமாகவே போய், மேல் ஜன்னலுக்கு நேர் கீழே முடிந்தது.

மேல் ஜன்னலைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. ஏணி!

அது சாதாரண ஏணி இல்லை. சக்கரம் வைத்து, உச்சியில் இரண்டு பேர் நிற்கும் மேடை வைத்த மஞ்சள் ஏணி. போன மாதம் கிரேன் நடைபாதையில் பயிற்சிக்கு வந்த ஒருவருக்குத் தலை சுற்றியபோது, அவரைக் கீழே இறக்குவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா சண்டை போட்டு அந்த ஏணியை வாங்கினாள். கிரேனுக்கு நேராக, மேல் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி வைத்தாள்.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு எகிறினார். ஜன்னலுக்குக் கீழே ஏணி வைத்தால் கெட்டவனுக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி என்றார். உள்ளே வருவதற்கும் வசதி, உள்ளே இருப்பதை வெளியே கொடுப்பதற்கும் வசதி. ஸ்டோரில் சங்கிலி போட்டுக் கட்டு என்றார். ஸ்டோரில் சாவி தேடுவதற்குள் மேலே இருப்பவன் கதை முடிந்துவிடும் என்றாள் அக்கா. இருவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் சிக்கலே.

அந்தச் சண்டை வீட்டுக்குள் வரவில்லை, சட்டம் இருக்கிறதே. சண்டைக்குப் பதிலாக மௌனம் வந்தது. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட உப்பைக் கேளு", "உங்க அத்தானை ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்று சின்னவளையும் அப்பாவையும் தபால்காரர்கள் ஆக்கியிருந்தார்கள்.

*

ஏணி பட்டறையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை வழக்கமான சோதனைக்காகக் கொண்டு வந்தார்களாம். பட்டறை மேஸ்திரி அதன் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இதை எங்கருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

"மூலையிலருந்து. கேமராவுக்கு நேர் கீழ நின்னுச்சு. ஏம்மா, உங்க கேமராவை மறைச்சுருச்சா?"

"மறைச்சுருச்சு."

"அட கடவுளே! நான் எடுத்துட்டு வந்தப்பவே இது நகரல. பின்சக்கரம் பூட்டிக்கிட்டு நின்னுச்சு. நாலு பேரா தூக்கித்தான் வண்டியில வெச்சோம்."

"முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?"

"வெள்ளிக்கிழமைதான் நானே எண்ணெய் விட்டேன். வழுக்கிட்டு ஓடுச்சு. இதுல காலால மிதிச்சு எடுக்கிற பிரேக் ஒண்ணு இருக்கு, புது மாடல். அதை எடுக்காமலே யாரோ தள்ளியிருக்காங்க. பல்லு உடைஞ்சு போச்சு."

"சக்கரம் போன விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான். என் ஆளுங்க அது பாரம்னு நெனச்சுத் தூக்கினாங்க. இனிமேதான் நான் எழுதிக் கொடுக்கணும்."

சின்னவளுக்குப் பாதி நிம்மதி வந்தது. 'என்ன' என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. 'யார்' மட்டும்தான் பாக்கி. அக்காவைக் கேட்டால் ஆயிற்று.

*

அக்கா கண் கழுவும் குழாய்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதைக் கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு சின்னவள் பார்த்ததில்லை.

"ஏணியா? அவர்தான் நகர்த்தினாரு."

"அத்தானா?"

"ஸ்டோருக்குத்தான் போகும்னு அந்தக் குதி குதிச்சாருல்ல? திங்கக்கிழமை காலையில நான் போய்ப் பார்க்கறேன், கூடத்துக்குள்ளயே மூலையில வெச்சிருக்காரு. கிரேனுக்குக் கொஞ்சம் தூரம்தான், ஆனா அவசரத்துக்குத் தள்ளிட்டு வந்துரலாம். எனக்காக இறங்கி வந்திருக்காருடி. நீ போய்க் கேட்டுத் தொலைக்காத. வெட்கப்படுவாரு."

அப்போதுதான் சின்னவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சலோடு போர்வைக்குள் படுத்திருந்தபோது, சமையலறையில் அக்காவும் அத்தானும் சேர்ந்து சிரித்த சத்தம் கேட்டது. காய்ச்சலில் காது அடைத்து ஏதோ கேட்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் தபால் சேவை நின்றுபோனது. ஏன் திடீரென்று ராசியானார்கள் என்று அவளுக்கு ஒரு வாரமாகவே உள்ளுக்குள் குறுகுறுப்பு. விடை ஏணியிலா இருந்தது!

"அந்த இடத்துல எங்க கேமரா இருக்குக்கா."

"எந்தக் கேமரா?"

"மேல. ஆய்வாளருங்களோடது."

அக்கா குழாயை மூடினாள். "அது கேமராவா? நான் புகை வந்தா கத்துற பெட்டின்னுல்ல நெனச்சேன்."

இத்தனை வருஷம் ஒரே கூடத்தில் நடந்தவள். சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

*

கேட்காதே என்று அக்கா சொன்னாள். கேட்காமல் இருந்தால் அவள் சின்னவளே இல்லை. காவல் அலுவலகத்தில் அத்தான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தான், கூடத்துல ஏணியை மூலைக்கு மாத்தினது நீங்கதானே?"

"நானா? உங்க அக்கா." அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜன்னலுக்குக் கீழதான் நிக்கும்னு மூணு மீட்டிங்ல ஒத்தக் கால்ல நின்னா. திங்கக்கிழமை நான் ரவுண்டு போறேன், ஜன்னலுக்குக் கீழ ஏணி இல்ல. சமத்தா மூலையில நிக்குது. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல பாரு. சொன்னா தோத்துப்போன மாதிரி ஆயிடுமே! நீ போய் அதைக் கேட்டு அவளைச் சீண்டாத."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் நகர்த்தினாள் என்று இவர். இவர் நகர்த்தினார் என்று அவள். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து, ஒரு வாரமாக இருவரும் குழைந்துகொண்டிருக்கிறார்கள். நகர்த்தியது இரண்டு பேரும் இல்லை. அப்படியானால் விடுமுறை நாளில், பூட்டிய கூடத்துக்குள் புகுந்து, உலகத்து ஆய்வாளர்களின் கேமராவைச் சரியாகப் பார்த்து மறைத்தது யார்?

"ஏம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் அத்தான். அவர் பூட்டு அல்லவா, முகம் படிக்கத் தெரிந்தவர்.

"ஒண்ணுமில்ல அத்தான். சாயங்காலம் சொல்றேன்."

"சாயங்காலமா? வீட்டுலயா?"

"வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு நழுவினாள். அவள் வெளியே போன கையோடு அத்தான் டீயை அப்படியே வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பியதை அவள் பார்க்கவில்லை.

*

வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் நான்கு ஆணிகள். அத்தானே அளவெடுத்து அடித்தவை. வேலையிலிருந்து வந்ததும் அவரவர் அட்டையை அவரவர் ஆணியில் மாட்டுவார்கள். அப்பாவுடையது பச்சை, கேட்டுக்குள்ளும் பயிற்சிக் கூடத்துக்குள்ளும் மட்டும் விடும். மற்ற மூன்றும் நீலம், குளக்கூடம்வரை திறக்கும். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர் வீட்டில் அந்த அட்டைகள் வாடகை ரசீது மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். யாருக்கும் அது விநோதமாகப் பட்டதில்லை.

அப்பா முன்கூட்டியே மேஜையில் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கத் தைல வாசனை.

"இன்னும் தோள்பட்டை வலிக்குதாப்பா?"

"வயசாச்சுல்ல கணக்கு, நீதான் கூட்டிப் பாரு" என்று சிரித்தார்.

நான்கு தட்டுகளும் நிறைந்த பிறகு சின்னவள் ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு பேசணும். கேட் விஷயம்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். சட்டம் போட்டவரே தலையாட்டினார். சின்னவள் உப்பு டப்பாவை நடுவில் வைத்தாள். "இது குளம்." தண்ணீர் ஜாடியை ஒரு மூலையில் வைத்தாள். "இது கேமரா." ஒரு கரண்டியை எடுத்து ஜாடிக்கு முன்னால் நிறுத்தினாள். "இது ஏணி. ஞாயித்துக்கிழமை மதியத்துலருந்து இங்கதான் நின்னிருக்கு. ஜாடிக்கு உப்பு தெரியல. யார் வெச்சதுன்னு நாளைக் காலைக்குள்ள நான் சொல்லலைன்னா, குளத்துக் கணக்கை உறுதி செய்ய முடியலைன்னு அந்த அம்மா எழுதிடுவாங்க."

"அதான் இவர் வெச்சாருன்னு சொன்னேனேடி" என்றாள் அக்கா.

"நானா? நீதானே வெச்சே?"

"நான் எதுக்கு வெக்கறேன்? நீங்க எனக்காக..." அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த 'எனக்காக' மேஜை மேல் அனாதையாகக் கிடந்தது. ஒரு வாரச் சிரிப்பும் குழைவும் அவள் முகத்திலிருந்து வடிந்து போவதைச் சின்னவளால் பார்க்க முடியவில்லை. அத்தானுக்கும் முகம் விழுந்துவிட்டது. கேட்டிருக்கவே கூடாதோ என்று இருந்தது அவளுக்கு.

"அப்போ நீங்க இறங்கி வரல" என்றாள் அக்கா.

"நீயும்தான் வரல" என்றார் அத்தான்.

"உங்களுக்குப் பூட்டுதான் முக்கியம். மேல இருக்கறவன் விழுந்தா என்ன?"

"உனக்கு மேல இருக்கறவன்தான் முக்கியம். வெளியிலருந்து வர்றவன் வந்தா என்ன?"

"உங்க ரெண்டு பேருக்கும் என் கேமரா அங்க இருக்கறதே தெரியல!" சின்னவளின் குரல் உயர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் கத்தியதே இல்லை. "அக்கா திங்கக்கிழமை மீட்டிங் போடற. அத்தான் புதன்கிழமை போடறாரு. என்னை வெளியாள் வந்தாத்தான் கூப்பிடறீங்க. தினமும் இதே மேஜையில முட்டி இடிச்சுக்கிட்டு உக்காந்து சாப்பிடறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்தக் கரண்டியை எங்க வெக்கலாம்னு மூணு பேரும் சேர்ந்து பேசியிருந்தா இது வந்திருக்குமா?"

அத்தான் மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தட்டைத் தள்ளி வைத்தால் மாப்பிள்ளை எழுந்து போய்க் காவல் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

"மத்தியானம் நீ வந்துட்டுப் போனப்புறம் கதவுப் பதிவைப் பார்த்தேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை குளக்கூடத்துக் கதவு ஒரே தடவைதான் திறந்திருக்கு. என் அட்டை இல்ல. உங்க அக்கா அட்டையும் இல்ல."

"பின்ன யாரோடது?"

"உன்னோடது."

சின்னவளுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. "அத்தான், நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். அக்கா எனக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தா. என் அட்டை அந்த ஆணியிலதான்..."

சொல்லிக்கொண்டே ஆணியைப் பார்த்தாள். காலையிலிருந்து ஊரையே விசாரித்துவிட்டு வந்தவள் இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றாள். அத்தான் அவளைச் சந்தேகப்படவில்லை. அது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனால் நாளைக் காலையில் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? கணக்குப் பார்ப்பவளின் அட்டைதான் கதவைத் திறந்தது, கேமரா மறைந்தது, ஆனால் அவள் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தாள் என்றா? யார் நம்புவார்கள்?

"எங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா, பயந்துபோய். "தலை சுத்தலோட எழுந்து போயிட்டியா? ஏதாவது எடுக்கணும்னு..."

"அக்கா! நான் போகல."

"அவ போகலம்மா."

அப்பாதான். இந்த மேஜையில் இதுமாதிரிப் பேச்சு நடக்கும்போது சோற்றைத் தவிர வேறெதையும் பார்க்காத அப்பா, தலையைத் தூக்கியிருந்தார்.

"பிள்ளையைப் போட்டு ஏன் வதைக்கிறீங்க? அவளால அந்த ஏணியை ஒரு அடிகூடத் தள்ளியிருக்க முடியாது. பின்சக்கரம் பூட்டிக்கிட்டு நிக்குது. ஒரு ஆள் தள்ளுற வேலையா அது?"

சின்னவள் கையில் இருந்த கரண்டி உப்பு டப்பாவில் இடித்தது. சக்கரம் பூட்டிக்கொண்ட விஷயம் தெரிந்தது பட்டறை மேஸ்திரிக்கும் அவளுக்கும்தான். வெள்ளிக்கிழமை நன்றாக ஓடிய சக்கரம் அது. கெட்டது தள்ளும்போதுதான். அதை அறிந்த மூன்றாமவர், தள்ளியவர் மட்டும்தான்.

தைல வாசனை இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அப்பா..."

அப்பா மறைக்க முயலவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்கு வகுப்பு இருந்துச்சு" என்றார், தட்டைப் பார்த்தபடி. "கிளம்பறப்ப உன் அட்டையையும் ஆணியிலருந்து எடுத்துக்கிட்டேன். பெரியவ அப்போ ஒரு வாரமா சரியா சாப்பிடல. மாப்பிள்ளையும் சாப்பிடல. வீட்டுல யாரும் ஒண்ணும் பேசக்கூடாது, சட்டம். ஏணி ஜன்னல்லருந்து நகர்ந்தா மாப்பிள்ளை மனசு குளிரும். கூடத்தை விட்டுப் போகலைன்னா இவ மனசு குளிரும். ரெண்டு பேரும் அடுத்தவங்கதான் விட்டுக்கொடுத்தாங்கன்னு நெனச்சுப்பீங்க, கதை முடிஞ்சுதுன்னு பார்த்தேன். முடிஞ்சுதா இல்லையா, சொல்லுங்க? சிரிச்சீங்களா இல்லையா? அங்க கேமரா இருக்குன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது கணக்கு. என் காலத்துல அந்த மூலையில ஒண்ணும் கிடையாது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

சின்னவள் எழுந்தாள். தன் நீல அட்டையை ஆணியிலிருந்து எடுத்து அத்தானின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாட்டிவிட்டுப் படுத்தது அவள்தானே. அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. வரவில்லையே என்றுதான் பயமாக இருந்தது. நாளைக் காலையில் அந்த அம்மா 'யார்' என்று கேட்பார். பொய் சொல்லத் தெரியாது என்பதால்தான் இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் இருக்கிறாள்.

அப்பாவும் எழுந்து போய்த் தன் பச்சை அட்டையை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார். "அவளை விட்டுடுங்க மாப்பிள்ளை. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க."

அத்தான் இரண்டு அட்டைகளையும் தொடவில்லை. இந்த வீட்டில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில் பேசினார்.

"கேக்கறேன் மாமா. ஒரு ஆள் தள்ளுற வேலையா அதுன்னு இப்போ நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"அப்போ உங்ககூடச் சேர்ந்து தள்ளினது யாரு?"

எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க என்று சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா கரண்டியை எடுத்து ஜாடியை விட்டுத் தள்ளி வைத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.